கேட்டுக்கேட்டே கெட்டிப்படுகிற உள்ளம்

குன்னூரில் வேலைபார்க்கும் ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். சிறுவயது முதல் சபையில் வளர்ந்தவர். ஓய்வுநாள் பாடசாலை, திடப்படுத்தல், வாலிபர் ஐக்கியம், பாடற்குழு எல்லாவற்றையும் கடந்து வந்தவர். அவர் எழுதியதைச் சுருக்கமாகத் தருகிறேன்: "தினமும் வேதாகமம் வாசிக்கிறேன். வேலைக்குப் போகும்போது ஒரு பிரசங்கம், திரும்பும்போது ஒரு பிரசங்கம் என்று யூடியூபில் கேட்கிறேன். முன்பெல்லாம் ஒரு வசனம் கேட்டாலே கண் கலங்கும். இப்போது எதைக் கேட்டாலும் உள்ளே ஒன்றும் நடப்பதில்லை. அப்பா இறந்த பிறகு பாகப்பிரிவினையில் வந்த ஒரு சிறு மனஸ்தாபத்தைத் தவிர, பாவம் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. தேவனுக்கு முன்பாக இளகிய, கீழ்ப்படிகிற இருதயத்தை எப்படிக் காத்துக்கொள்வது? இன்னும் எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும்?"

அந்த மனஸ்தாபம் என்னவென்று விசாரித்தேன். கோத்தகிரிக்கு அருகே சொந்த ஊரில் இருக்கும் அண்ணனோடு, ஊற்றிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் யாருடைய பங்கின் வழியாகப் போகவேண்டும் என்பதில் வந்த சண்டை. இரண்டு கிறிஸ்துமஸாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேர் சொல்லாமல் பொதுவில் எழுதுங்கள், என்னைப்போல் பலர் இருப்பார்கள் என்று அவரே சொன்னதால் இங்கே எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்னும் அதிகமாக வாசிக்க வேண்டியதில்லை. பிரசங்கம் கேட்பதைக் கொஞ்ச காலத்துக்குக் குறைத்துக்கொண்டாலும் நல்லது. வேத வசனத்தின்மேல் மதிப்பில்லாமல் இதைச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அதன்மேல் உள்ள பயத்தினால்தான் சொல்கிறேன். நீங்கள் கேட்டவற்றில் ஒன்று செய்யப்படாமல் கிடக்கிறது. அதன்மேலேயே நாள்தோறும் இரண்டு பிரசங்கங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மரத்துப்போகாமல் உள்ளம் வேறென்ன செய்யும்?

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் காலத்து ஜனங்களைப் பாருங்கள். அவர்கள் பிரசங்கத்தை வெறுத்தவர்கள் அல்லர். சுவர் ஓரங்களிலும் வீட்டுவாசல்களிலும் நின்று அவரைப் பற்றியே பேசினார்கள். கர்த்தரிடத்திலிருந்து வரும் வார்த்தையைக் கேட்போம், வாருங்கள் என்று ஒருவரையொருவர் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்து அவருக்கு முன்பாக அமைதியாக உட்கார்ந்தார்கள். இப்படி ஒரு சபை கிடைத்தால் எந்தப் போதகர்தான் மகிழமாட்டார்! ஆனால் கர்த்தர் எசேக்கியேலிடம், நீ அவர்களுக்கு இனிய குரலுடையவன் பாடும் இன்பமான பாட்டுக்குச் சமானமாயிருக்கிறாய் என்கிறார். "அவர்கள் உன் வார்த்தைகளைக் கேட்கிறார்கள், ஆனாலும் அவைகளின்படி செய்யமாட்டார்கள்." முப்பத்துமூன்றாம் அதிகாரத்தின் கடைசி வசனங்களில் இதை வாசிக்கலாம். எனக்கு வேதாகமத்தில் மிகவும் நடுக்கம் தருகிற பகுதிகளில் இது ஒன்று. காரணம், இது விக்கிரக ஆராதனைக்காரரையோ கொலைகாரரையோ பற்றியதல்ல. ஆராதனைக்கு நேரத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காருகிறவர்களைப் பற்றியது.

நம் நீலகிரி மலையில் கேட்பதற்குக் குறைவே இல்லை. லெந்து நாட்களில் வெள்ளிதோறும் கூட்டம், மாதத்தின் முதல் நாள் ஆராதனை, முழு இரவு ஜெபம், உபவாசக் கூட்டம், வருடத்துக்கொரு கன்வென்ஷன், பெண்கள் ஐக்கியம், வீட்டு ஜெபம். இப்போது கைப்பேசியும் சேர்ந்துவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பர்லியாறு தாண்டுவதற்குள் ஒரு பிரசங்கம் முடிந்து அடுத்தது தானாகவே ஆரம்பித்துவிடுகிறது. கேட்டதை மனதில் இறக்கிவைக்க இடைவெளியே கிடையாது. ஒரு வார்த்தை நம்மைத் தொட்டு, 'இதை நீ செய்' என்று சொல்ல வரும்போதே அடுத்த பிரசங்கியார் தம் முன்னுரையைத் தொடங்கிவிடுகிறார்.

இயேசு சொன்ன விதைக்கிறவனின் உவமையை நீங்கள் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதில் வருகிற வழியோர நிலத்தை மட்டும் ஒரு முறை நம் ஊர்க் காட்டில் வைத்துப் பாருங்கள். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் போடுகிறவர்கள் நிலத்தை எப்படித் தயார்செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நம் மண்ணில் அமிலத்தன்மை அதிகம் என்பதால் சுண்ணாம்போ டோலமைட்டோ இடுவார்கள். கட்டிகளை உடைத்து, கல் பொறுக்கி, மண்ணைப் பொலபொலவென்று ஆக்குவார்கள். விதை மிகவும் சிறியது. மணலோடு கலந்து தூவுவார்கள். அந்தப் பாத்திக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் நடந்துபோகிற ஒற்றையடித் தடம் இருக்கும். எரு சுமந்துபோகிறவர்கள், களையெடுக்க வருகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் அதில்தான் நடக்கிறார்கள். மழை பெய்யும்போது கவனித்துப் பாருங்கள். பாத்தி தண்ணீரைக் குடித்துவிடுகிறது. ஓரடி தள்ளியிருக்கிற தடத்தில் அதே மழை செந்நீராக ஓடி வரப்பைத் தாண்டிப் போய்விடுகிறது. இரண்டும் ஒரே மண். இரண்டுக்கும் ஒரே மழை. தடத்து மண் பிறவியிலேயே கெட்ட மண் அல்ல. அதன்மேல் நடந்தார்கள், நடந்துகொண்டே இருந்தார்கள், யாரும் அதைக் கொத்தவில்லை. அவ்வளவுதான்.

அந்தத் தடத்தில் நடக்கிற கால்கள் எல்லாம் கெட்ட கால்களாக இருக்கவேண்டியதில்லை என்பதை யோசியுங்கள். எரு சுமந்துபோகிற காலும் மண்ணை இறுக்கத்தான் செய்கிறது. நல்ல பிரசங்கமும் நல்ல பாட்டும், நாம் கேட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால், உள்ளத்தின்மேல் நடந்துபோகிற கால்களாகிவிடுகின்றன. மன்னிப்பைப் பற்றி முதல் முறை கேட்கும்போது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. செய்யவில்லை. அடுத்த முறை தைத்தது கொஞ்சம் குறைந்தது. பத்தாவது முறை கேட்கும்போது பிரசங்கியார் எந்தக் கதையைச் சொல்லப்போகிறார் என்பதுவரை நமக்குத் தெரிந்திருக்கிறது. 'நல்ல செய்தி கொடுத்தார்' என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். சபைக்கே வராத ஒருவனுடைய உள்ளம் இந்த விதத்தில் கடினப்படுவதில்லை. வேறு விதங்களில் கடினப்படலாம். ஆனால் இது நம்மைப்போல் கேட்கிறவர்களுக்கே வருகிற வியாதி.

இனி ஏரோதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் கதையில் உங்கள் கடிதத்தின் சாயல் இருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் உங்களை அவனோடு சேர்க்கவில்லை. யோவான் ஸ்நானனை ஏரோது சிறையில் வைத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மாற்கு ஆறாம் அதிகாரம் இன்னொன்றையும் சொல்கிறது: யோவான் நீதிமான் என்று அவன் அறிந்திருந்தான், அவருக்குப் பயந்தான், அவர் யோசனையின்படி அநேக காரியங்களைச் செய்தான், "விருப்பத்தோடே அவன் சொல்லைக் கேட்டுவந்தான்." அநேக காரியங்களைச் செய்தானாம்! சகோதரன் மனைவி ஏரோதியாளைத் தான் விவாகம்பண்ணிக்கொண்ட விஷயம் ஒன்றை மட்டும் தொடக்கூடாது. மற்றதெல்லாம் சரி. அந்த ஒன்றே கடைசியில் யோவானின் தலையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தது. பிறகு இயேசுவே அவனுக்கு முன்பாக நிறுத்தப்பட்டபோது, அவன் ஆசைப்பட்டது ஓர் அற்புதத்தைப் பார்க்கத்தான். அநேக கேள்விகள் கேட்டான். அவர் அவனுக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை என்று லூக்கா எழுதுகிறார். விருப்பத்தோடு கேட்டுவந்த காதுக்குக் கடைசியில் கிடைத்தது மௌனம்.

உங்கள் கடிதத்தில் 'ஒரு சிறு மனஸ்தாபத்தைத் தவிர' என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். கடிதம் முழுவதிலும் நான் நின்ற இடம் அதுதான். எழுதவேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை நீங்கள் எழுதினீர்கள். யாரும் கேட்காமலே அது உங்கள் பேனாவில் வந்தது. அதைச் சொல்லாமல் இருக்க உங்கள் மனச்சாட்சி உங்களை விடவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இது மோசமான அறிகுறி அல்ல, மிக நல்ல அறிகுறி. முழுவதும் கடினப்பட்ட இருதயம் அதைக் குறிப்பிட்டிருக்காது.

பரிசுத்த ஆவியானவர் ஒரு காரியத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, அதை விட்டுவிட்டு வேறு பத்துக் காரியங்களில் கீழ்ப்படிந்து நாம் ஈடுகட்டப் பார்க்கிறோம். அண்ணனிடம் பேசமாட்டோம், அதற்குப் பதிலாக உபவாசம் இருப்போம், காணிக்கையைக் கூட்டிக் கொடுப்போம், விடியற்கால ஜெபத்துக்குப் போவோம். சவுல் ராஜா செய்தது இதுதான். எல்லாவற்றையும் அழிக்கக் கட்டளை பெற்றும், அமலேக்கியரின் ஆடுமாடுகளில் நல்லவற்றைத் தப்பவைத்துவிட்டு, பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்றான். பக்தியான காரணம்! "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்" என்று சாமுவேல் சொன்னது அந்தக் காரணத்துக்குத்தான். மலைப்பிரசங்கத்தில் இயேசு இன்னும் நேராகச் சொன்னார். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முன்பு அவனோடே ஒப்புரவாகு என்றார். தேவனுக்குச் செலுத்துகிற காணிக்கையே காத்திருக்கட்டும் என்று அவர் சொல்லும்போது, காலை தியானம் கொஞ்சம் காத்திருப்பதில் குறை வந்துவிடாது.

அடுத்து, உணர்ச்சியைப் பற்றி. 'முன்பெல்லாம் கண் கலங்கும்' என்று எழுதியிருந்தீர்கள். கண் கலங்குவது இளகிய இருதயத்துக்கு அளவுகோல் அல்ல. கண்ணீர் தேவன் கொடுக்கிற ஈவுதான். ஆனால் கூட்டத்தில் அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் பழையபடி எரிந்துவிழுகிறவர்களையும், ஒருநாளும் அழாமல் சொன்னதைச் செய்துவிடுகிறவர்களையும் எல்லாச் சபைகளிலும் பார்க்கலாம். இயேசு சொன்ன இரண்டு குமாரரில் மூத்தவன் 'மாட்டேன்' என்றான். மரியாதையான பதில் இல்லை. பின்பு மனம் வருந்தி, தகப்பன் சொன்னபடி திராட்சத்தோட்டத்துக்குப் போனான். இளையவன் 'போகிறேன் ஐயா' என்றான், போகவில்லை. தகப்பனுடைய சித்தத்தைச் செய்தவன் மூத்தவன். பேதுரு கெனேசரேத்து ஏரியில் வலையைப் போடும்போது அவருக்கு எந்த உற்சாகமும் இருந்ததாகத் தெரியவில்லை. இராமுழுவதும் பிரயாசப்பட்டு ஒன்றும் அகப்படாத களைப்பு. வலைகளை அலசிக்கொண்டிருந்த நேரம். "ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்" என்றார். அவருடைய பிரமிப்பு மீன் அகப்பட்ட பிறகுதான் வருகிறது: ஆண்டவரே, நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும் என்று முழங்காலில் விழுகிறார். செயல் முன்னே போயிற்று, உணர்ச்சி பின்னால் வந்தது. நீங்கள் உணர்ச்சி வரட்டும், பிறகு செய்வோம் என்று காத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எல்லா வறட்சியும் கீழ்ப்படியாமையால் வருவதல்ல. உங்கள் அப்பா இறந்திருக்கிறார். துக்கம் மனிதனை நெடுநாள் மரத்துப்போகச் செய்யும். அது பாவம் அல்ல. தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் போகிறதென்றால், ஜெபத்தோடு ஒரு மருத்துவரையும் பாருங்கள். எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, நான் சாகவேண்டும் என்று கேட்டபோது, கர்த்தர் அவரைக் கண்டிக்கவில்லை. தூதன் வந்து, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான்; சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டவரை மறுபடியும் எழுப்பி இன்னொரு முறை சாப்பிடவைத்தான். மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். துக்கப்படுகிறவர்களிடம் 'உனக்கு விசுவாசம் போதாது' என்று சொல்கிறவர்கள் அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் தேவலை.

நாள்தோறும் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மாவின் வழக்கத்தைச் சொல்கிறேன். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து குடும்பத்தோடு அனுப்பப்பட்டு வந்து, கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். பிறந்த ஊரையும் உறவையும் ஒரே நாளில் விட்டுவந்தவர். கசந்துபோக எல்லாக் காரணமும் இருந்தது, அவர் கசந்துபோகவில்லை. அவர் பைபிளுக்குள் பிள்ளைகளின் பள்ளி நோட்டில் கிழித்துத் தைத்த ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், சமையலுக்கு முன்பாக, அதில் பெரிய பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி எழுதுவார். பிரசங்கக் குறிப்பு எழுதமாட்டார். 'மேல்வீட்டில் வாங்கிய அரிசிப் படியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.' 'மருமகளைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொன்னதை, தப்பு என்று அங்கேயே போய்ச் சொல்ல வேண்டும்.' 'மேஸ்திரிக்காக ஜெபிக்க வேண்டும்.' செய்து முடித்ததும் அந்த வரியின்மேல் கோடு இழுத்துவிடுவார். இழுக்காத வரி கிடந்தால், அடுத்த ஞாயிறு புதிய வரி எழுதமாட்டார். 'பழைய கடனை வைத்துக்கொண்டு புதுக்கடன் வாங்கலாமா?' என்பார்.

தியானத்தைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ முறைகள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெரியம்மாவின் நோட்டைவிடச் சிறந்த ஒன்றை நான் பார்த்ததில்லை. காரணம், அது கேட்பதையும் செய்வதையும் ஒரே கயிற்றில் கட்டிவைக்கிறது. நீங்களும் கொஞ்சமாக வாசியுங்கள். பத்து வசனம் போதும். வாசித்துவிட்டு, 'ஆண்டவரே, இதில் இன்று நான் செய்யவேண்டியது என்ன?' என்று கேட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருங்கள். பெரும்பாலும் புதிதாக ஒன்றும் தோன்றாது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றுதான் திரும்பவும் நினைவுக்கு வரும். அதையே செய்யுங்கள். சிறியதாக இருந்தாலும் அன்றைக்கே செய்யுங்கள். 'அன்றைக்கே' என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பார்வோனின் படுக்கையறைவரை தவளைகள் ஏறிக் கிடந்தன. எப்போது உனக்காக விண்ணப்பம்பண்ண வேண்டும் என்று மோசே கேட்டதற்கு, அவன் 'நாளைக்கு' என்றான்! தவளைகள் செத்து, இலகுவுண்டாயிற்றென்று கண்டதும் இருதயத்தைக் கடினப்படுத்தினான். எபிரெயர் நிருபம் மூன்றாம் நான்காம் அதிகாரங்களில் "இன்று" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: "இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில்" இருதயங்களைக் கடினப்படுத்தாதேயுங்கள் என்று. அங்கே எச்சரிக்கப்படுகிறவர்களின் முன்னோர்கள் நாற்பது வருஷம் தினமும் மன்னாவைப் பொறுக்கியவர்கள். அற்புதம் பார்த்தால் உள்ளம் இளகிவிடும் என்பது நாம் நினைப்பது. வனாந்தரத்தில் அது நடக்கவில்லை.

அதே இடத்தில், கடினப்படாதபடிக்கு நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்றும் இருக்கிறது. இதை நாம் பிரசங்கியார் வேலை என்று விட்டுவிட்டோம். வீட்டில் மனைவி சொல்வதைக் கேட்கமுடியாதவன் தேவன் சொல்வதைக் கேட்கிறேன் என்று சொல்வதை நான் எளிதில் நம்பமாட்டேன். தாவீது நாபாலின் வீட்டாரை வெட்டப் பட்டயத்தோடு புறப்பட்டவன். வழியில் நாபாலின் மனைவி அபிகாயில் பேசியதைக் கேட்டு, உன்னை அனுப்பின கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று திரும்பிப்போனான். தேவனுடைய சத்தம் பல நேரங்களில் நம் வீட்டு அடுப்படியிலிருந்தும், நம்மைவிட வயதில் சின்னவர்களிடமிருந்தும் வருகிறது. உங்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடிய ஒரே ஒருவரையாவது வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும்போது பதில் சொல்லாமல் கேட்டுப் பழகுங்கள்.

ஆனால் கீழ்ப்படிகிற இருதயம் வேறு, யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற இருதயம் வேறு. 'கர்த்தர் உனக்கு இதைச் சொல்லச் சொன்னார்' என்று வந்து நிற்கிறவர்கள் நம் மலையிலும் உண்டு. வீட்டை விற்றுக் காணிக்கை கொடு, இந்தப் பெண்ணைக் கட்டு, அந்த மருந்தை நிறுத்து என்று சொல்கிறவர்களும் உண்டு. 1 இராஜாக்கள் பதின்மூன்றாம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். யூதாவிலிருந்து பெத்தேலுக்குப் போன தேவனுடைய மனுஷனுக்கு, அங்கே அப்பம் தின்னாமலும் தண்ணீர் குடியாமலும் போன வழியே திரும்பாமலும் வரவேண்டும் என்று கட்டளை இருந்தது. ராஜா கூப்பிட்டும் மறுத்துவிட்டான். கிழவனான ஒரு தீர்க்கதரிசி வந்து, எனக்கும் ஒரு தூதன் சொன்னான் என்று பொய் சொன்னபோது நம்பிக்கொண்டு போனான். வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. தேவன் தனக்குத் தெளிவாகச் சொன்னதை, வேறொருவர் மூலம் வந்ததாகச் சொல்லப்பட்டதற்காக விட்டுவிட்டான். பெரோயா பட்டணத்தார் பவுல் பேசியதையே வேதவாக்கியங்களில் தினந்தோறும் ஆராய்ந்துபார்த்தார்கள். அதற்காக லூக்கா அவர்களை நற்குணசாலிகள் என்கிறார். ஆராய்வது கடின இருதயத்தின் அடையாளம் அல்ல. மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்டவர்களும் அவர்களேதான்.

சீக்கிரமே பலன் தெரியவேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். மேலே சொன்ன கேத்தியிலேயே 1840-களில் காஸமேஜர் என்று ஒருவர் வந்து தங்கினார். சென்னை அரசாங்கத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஆங்கிலேயர். இந்த மலையின் படகர் சமுதாயப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். 1846-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் ஊழியர்கள் வந்தார்கள். 1849-ல் அவர் இறந்தபோது தம் உடைமையை மிஷனுக்கு எழுதிவைத்திருந்தார். படகரில் முதல் ஞானஸ்நானம் நடந்தது 1858-ல். அதாவது, அவர் தாம் கீழ்ப்படிந்ததற்கு ஒரு பலனையும் கண்ணால் காணாமலே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகள் மற்றவர்கள் காத்திருந்தார்கள். நல்ல நிலத்தைப் பற்றி லூக்கா எழுதும்போது, வசனத்தைக் காத்துப் "பொறுமையுடனே பலன்கொடுக்கிறவர்கள்" என்று எழுதுகிறார். அந்தப் பொறுமையை நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'செய்யவேண்டும் என்று தெரிகிறது, செய்ய மனமே வரவில்லை' என்று நீங்கள் சொல்லலாம். அது உண்மையும்தான். கெட்டிப்பட்ட மண் தன்னைத்தானே கொத்திக்கொள்ளாது. "உங்கள் தரிசுநிலத்தைப் பண்படுத்துங்கள்" என்று ஓசியா சொல்கிறார்; கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டுச் சதையான இருதயத்தை நானே கொடுப்பேன் என்று எசேக்கியேல் மூலம் கர்த்தர் சொல்கிறார். இரண்டும் ஒரே வேதத்தில்தான் இருக்கின்றன. லீதியாள் ஆற்றங்கரைக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் இருதயத்தைக் கர்த்தர் திறந்தருளினார். விருப்பத்தையும் செய்கையையும் நம்மில் உண்டாக்குகிறவர் அவரே என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். ஆகவே மனம் வரவில்லை என்பதையே அவரிடம் சொல்லுங்கள். 'அண்ணனை மன்னிக்க எனக்கு இஷ்டமில்லை, இஷ்டத்தை நீர் தாரும்' என்று ஜெபிப்பது நேர்மையான ஜெபம். கெத்செமனேயில் நம் ஆண்டவரே இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று மூன்றுதரம் கேட்டிருக்கிறார். விருப்பம் இல்லாததை மறைத்துக்கொண்டு அவர் தகப்பனிடம் பேசவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் "என் சித்தத்தின்படியல்ல" என்றார். பட்டபாடுகளினாலே அவர் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று எபிரெயர் நிருபம் சொல்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெரிய ஆறுதல். நமக்குக் கட்டளையிடுகிறவர், கீழ்ப்படிவது எவ்வளவு வலிக்கும் என்று அறிந்தவர்.

இனி அண்ணன் விஷயம். ஒருவன் இயேசுவிடம் வந்து, ஆஸ்தியைப் பங்கிடும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும் என்று கேட்டிருக்கிறான். உங்களுடையதைப்போல ஒரு பாகப்பிரிவினைதான். அவர் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்றார். தண்ணீர்க் குழாய் யார் பங்கில் போகவேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். அதற்கு ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள், சர்வேயர் இருக்கிறார், பத்திரம் இருக்கிறது. மன்னிப்பது என்றால் உங்கள் உரிமையை எழுதிக்கொடுத்துவிட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அதற்குப் பயந்துதான் பலர் மன்னிக்கத் தயங்குகிறார்கள். குழாயை ஒரு பக்கம் வையுங்கள், அண்ணனை ஒரு பக்கம் வையுங்கள். இந்த வாரமே போங்கள். போகும்போது பத்திர நகலையோ சாட்சிக்கு மாமனையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் விசாரியுங்கள். அப்பாவின் கல்லறைக்கு இருவரும் சேர்ந்து போய்வர முடியுமா என்று கேளுங்கள். 'நான் பேசாமல் இருந்தது தப்பு அண்ணா' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள்; 'ஆனால் நீங்களும்' என்று அதை நீட்டாதீர்கள். அவர் கதவைத் திறக்காமலும் போகலாம். "கூடுமானால் உங்களாலானமட்டும்" எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்றுதான் ரோமருக்கு எழுதப்பட்டிருக்கிறது; உங்களாலானது அவர் வீட்டு வாசல்வரை போவது. அவருடைய பங்கு அவருக்கும் தேவனுக்கும் நடுவில் இருக்கிறது.

போய்வந்த பிறகு வாசிக்க எதை எடுக்கலாம் என்று கேட்டால், யாக்கோபு நிருபத்தைச் சொல்வேன். ஐந்தே அதிகாரம். ஒரு நாளுக்கு ஒரு அதிகாரம் என்று ஓடாமல், முதல் அதிகாரத்தின் பத்தொன்பதாம் வசனத்திலிருந்து கடைசிவரை உள்ளதை மட்டும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். அண்ணன் கோபித்துக்கொண்டு அனுப்பிவிட்டார் என்றாலும் எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.